என் கணவர் இருட்டில் எடுத்த படம்

மூன்று வருடங்களுக்கு முன்பு, தைப்பூசம் முடிந்த அடுத்த வாரம், கோயம்புத்தூரில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் நானும் என் கணவரும் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எதிர்ச் சுவரில் கண்ணாடி போட்ட பெரிய படம் ஒன்று மாட்டியிருந்தது. ஏதோ ஒரு மலை, அதன் கீழே ஒரு குளம், மேலே வானம் முழுக்க நட்சத்திரம். கோலமாவு டப்பாவைத் தட்டிவிட்டது போல ஒரு வெள்ளைப் பட்டை வானத்தின் குறுக்கே போனது. சுற்றி இருந்தவர்கள் எல்லாம் செல்போனைப் பார்த்துக்கொண்டிருக்க, இவர் மட்டும் எழுந்து போய் அந்தப் படத்தின் முன்னால் நின்றுகொண்டார். எங்கள் டோக்கன் வரும்வரை நகரவில்லை. திரும்பி வந்து, யாருக்கும் கேட்காத குரலில் என்னிடம், "ஏம்புள்ள, நெசமாலுமே ராவுல இப்படித்தான் இருக்குமா? இல்ல, சும்மா வரைஞ்சு வெச்சிருக்காங்களா?" என்று கேட்டார்.

"அப்பிடித்தாங்க இருக்கும்" என்றேன்.

அவருக்கு மாலைக்கண். பொழுது சாய்ந்தால் ஒன்றும் தெரியாது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். கல்யாணத்துக்கு முன்பு எங்கள் வீட்டாரிடம் யாரும் சொல்லவில்லை. கல்யாணமான மூன்றாம் நாள் சாயங்காலம் கரண்ட் போனபோது, அவராகவே சொல்லிவிட்டார். "சொல்லோணும்னுதான் இருந்தேன், பெரியவங்க விடல" என்றார். எனக்கு அவர் வீட்டார் மேல் கோபம் இருந்தது, அவர் மேல் வரவில்லை. அன்றிலிருந்து இருட்டில் அவர் கை என் கையில்தான்.

கிணத்துக்கடவுக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் தென்னந்தோப்பு இருக்கிறது. தோட்டத்துக்கு வரும் த்ரீபேஸ் கரண்ட், பாதி நாள் நடுராத்திரியில்தான் வரும். மோட்டார் போட்டால்தான் மரத்துக்குத் தண்ணீர். எனக்கு ஸ்டார்ட்டர் பெட்டியைத் தொட பயம்; அவருக்குக் கண் தெரியாது. அதனால் இருவரும் கை கோத்துக்கொண்டு வரப்பு மேல் நடந்து போவோம். மோட்டார் ரூமுக்குப் போனதும் அவர் தடவிப் பார்த்தே மோட்டாரைப் போட்டுவிடுவார். பகலில் அவரைப் பார்க்கிற யாருக்கும் இந்தக் குறை தெரியாது. ராத்திரி விசேஷங்களுக்குக் கூப்பிட்டால் "அவருக்குத் தோட்டத்துல வேலைங்க" என்று நான் சொல்லிவிடுவேன். எங்களுக்கு ஒரே மகள். ஓசூரில் வேலை பார்க்கிறாள். அப்போது அவளுக்கு ஜாதகம் எடுத்திருந்த நேரம். கண்ணில் கோளாறு உள்ள குடும்பம் என்று பேச்சு வந்துவிடக் கூடாதே என்று இன்னும் கெட்டியாக மறைத்து வைத்திருந்தோம்.

அன்றைக்கு டாக்டர், வெளிச்சம் அடித்துப் பார்த்தார், எதையோ சுவரில் காட்டிக் கேட்டார். கடைசியில், "நேராப் பாக்கற பார்வை நல்லாத்தான் இருக்குங்க. ஆனா சுத்தி இருக்கற பார்வை சுருங்கிக்கிட்டே வருது. குழாய்க்குள்ள பாக்கற மாதிரி ஆயிட்டு இருக்கு. இன்னும் எத்தன வருசம்னு என்னால சொல்ல முடியாது. பாக்கணும்னு ஆசைப்பட்டது ஏதாச்சும் இருந்தா தள்ளிப்போடாமப் பாத்துருங்க" என்றார்.

பொள்ளாச்சி பஸ்ஸில் திரும்பும்போது நான் மெதுவாகக் கேட்டேன். "ராமேஸ்வரம் போலாங்களா? இல்ல காசிக்கு?" அவர் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே, "எங்கயும் வேண்டாம் புள்ள. அந்தப் படம் நல்லா இருந்துச்சில்ல?" என்றார். கேட்டுவிட்டு அவரே சிரித்துக்கொண்டார்.

அந்தச் சிரிப்பு என்னை விடவில்லை. தினமும் விடியற்காலை நாலு மணிக்குப் பால் கறக்க எழுந்திருக்கிறவள் நான். அந்த வானம் தினமும் என் தலைக்கு மேல்தான் இருக்கிறது. அதைப் படமாகப் பிடித்துப் பகல் வெளிச்சத்தில் அவருக்குக் காட்டினால் என்ன என்று தோன்றியது. செல்போனில் எடுத்துப் பார்த்தேன். தார் ரோட்டைப் படம் எடுத்தது போல வந்தது. சரி, நல்ல கேமராவே வாங்கிவிடுவோம் என்று, பால் பணத்தில் சேர்த்து வைத்திருந்ததை எடுத்துக்கொண்டு, அவரிடம் நூல் சேலை எடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டு காந்திபுரத்துக்குப் பஸ் ஏறினேன்.

நான் எட்டாவது வரை படித்தவள். கேமராவைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? பெரிய கடை ஒன்றில் ஏசி போட்டு, கண்ணாடி அலமாரியில் வரிசையாக வைத்திருந்தார்கள். "நட்சத்திரம் எடுக்கறதுக்கு வேணுமுங்க" என்றேன். கடைப் பையன் ஒரு கேமராவை எடுத்தான். அவன் பொத்தானை அழுத்த அழுத்த யானைத் தும்பிக்கை மாதிரி அதன் மூக்கு வெளியே நீண்டது. "எவ்வளவு தூரத்துல இருந்தாலும் பக்கத்துல கொண்டாந்துரும்மா. நிலாவுல இருக்கற குழி கூடத் தெரியும்" என்றான். நட்சத்திரம் தூரத்தில் இருக்கிறது, இது தூரத்தில் இருப்பதைப் பக்கத்தில் காட்டுகிறது. இதைவிட என்ன வேண்டும் என்று நினைத்தேன். இன்று வரைக்கும் அந்தப் பையன் மேல் எனக்குக் குறை இல்லை. நான் கேட்டதற்கு அவன் சரியாகத்தான் கொடுத்தான்.

ஆனாலும் ஒரே கடையில் கேட்டு எதையும் வாங்குகிற பழக்கம் எனக்கு இல்லை. பக்கத்துச் சந்தில், மாடிப்படிக்கு மேல், பழைய கேமரா வாங்கி விற்கிற சின்னக் கடை ஒன்று இருந்தது. ஏறிப் போனேன். ஐம்பது வயது இருக்கும், ஒருவர் கண்ணில் உருப்பெருக்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திருப்புளியால் எதையோ திருகிக்கொண்டிருந்தார். நான் கேட்டதும் நிமிர்ந்து, "யாருக்குங்க அம்மணி? எதுக்காக எடுக்கறாங்க?" என்றார்.

"பொண்ணுக்குங்க. சும்மா ஆசைக்கு" என்று பொய் சொன்னேன்.

அவர் கீழ்த்தட்டிலிருந்து ஓரம் தேய்ந்த ஒரு கறுப்புக் கேமராவை எடுத்தார். குட்டையாக, முன்பக்கம் குண்டாக இருந்த ஒரு லென்ஸை அதில் மாட்டினார். "ராத்திரிப் படத்துக்கு தூரத்துல இருக்கறத இழுக்கற லென்ஸ் ஆகாதுங்க. இந்த மாதிரி அகலமாப் பாக்கறது வேணும், வாயும் பெரிசாத் தொறக்கோணும். அப்பத்தான் வெளிச்சம் உள்ள எறங்கும். கேமரா பழசா இருந்தாப் பரவால்ல. ஸ்டாண்டு மட்டும் கனமா இருக்கோணும்" என்றார். அவர் காட்டிய ஸ்டாண்டைத் தூக்கிப் பார்த்தேன், அம்மிக்கல் கனம் இருந்தது. அந்த லென்ஸ் வழியாகப் பார்த்தால் எதிர்க்கட்டடம் இன்னும் தூரமாகப் போய்ச் சின்னதாகத் தெரிந்தது. பழைய சரக்கை என் தலையில் கட்டப் பார்க்கிறார் என்றே நினைத்தேன். "ஊட்ல கேட்டுட்டு வாரனுங்க" என்று இறங்கிவிட்டேன்.

வீட்டில் யாரிடம் கேட்பது? நான் அம்மனிடம் கேட்டேன்.

எங்கள் பக்கம் பூக்கேட்பது என்று ஒரு வழக்கம் உண்டு. பொண்ணு பார்க்கலாமா, கிணறு வெட்டலாமா என்று முடிவு செய்ய முடியாதபோது, ஒரு வெள்ளைப் பூவையும் ஒரு சிவப்புப் பூவையும் தனித்தனிக் காகிதத்தில் ஒரே மாதிரி மடித்து அம்மன் காலடியில் வைப்பார்கள். பூசாரி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்துத் தருவார். வந்த பூ எதுவோ அதுதான் அம்மன் வாக்கு. வெள்ளிக்கிழமை போய் உட்கார்ந்தேன். "அம்மணி, என்ன கேக்கறீங்கன்னு மனசுக்குள்ள அம்மன்கிட்டத் தெளிவாச் சொல்லிப்போடுங்க" என்றார் பூசாரி. புதுக் கேமரா என்றால் வெள்ளை, பழசு என்றால் சிவப்பு என்று சொல்லிக் கும்பிட்டேன். வெள்ளை வந்தது. கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மறுநாளே போய் அந்த நீண்ட மூக்குக் கேமராவை வாங்கி வந்துவிட்டேன். அதோடு ஒரு ஸ்டாண்டை இனாமாகக் கொடுத்தார்கள். குடைக்கம்பி மாதிரி இருந்தது.

மாசி அமாவாசைக்காகக் காத்திருந்தேன். விடியற்காலை மூன்றரைக்கு எழுந்து, அவர் தூங்குகிறார் என்று நினைத்து, மெதுவாக வெளியே வந்தேன். தோப்பு முடிகிற இடத்தில் மோட்டார் ரூமுக்குப் பக்கம் ஸ்டாண்டை வைத்தேன். தெற்கே ஆனைமலைப் பக்கம் வானம் தெளிவாக இருந்தது. ஆஸ்பத்திரிப் படத்தில் இருந்த அதே வெள்ளைப் பட்டை மெல்லிசாகத் தெரிந்தது. ஆனால் எங்கள் ஊர்க் காற்றைப் பற்றித் தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஒரு நிமிடம் ஓயாமல் வீசும். அந்த ஸ்டாண்டு சளிக்காய்ச்சல் வந்த கோழி போல நடுங்கியது. நட்சத்திரத்தைப் பக்கத்தில் கொண்டுவர மூக்கை நீட்ட நீட்ட நடுக்கம் இன்னும் அதிகமானது. எடுத்த படம் எல்லாவற்றிலும் கறுப்பில் வெள்ளைப் புழு நெளிந்தது. மலை இல்லை, மரம் இல்லை, தோட்டம் இல்லை. நாற்பது படம் எடுத்திருப்பேன். கிழக்கே வெளுக்க ஆரம்பித்தது. அமாவாசை போய்விட்டது.

அப்படியே மோட்டார் ரூம் தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். அம்மா, உன்னிடம்தானே கேட்டேன் என்று அழுகையாக வந்தது. அப்போது வீட்டுப் பக்கமிருந்து அவர் குரல். வாசல் விளக்கு வெளிச்சத்தில் நின்றுகொண்டு, நான் எந்தப் பக்கம் இருக்கிறேன் என்று தெரியாமல், காற்றைப் பார்த்துக் கூப்பிட்டார்.

"ஏம்புள்ள! அங்க என்ன, நரிக்குக் கண்ணி வெக்கறயா?"

ஓடிப்போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நூல் சேலை வாங்கவில்லை என்பதிலிருந்து பூக்கேட்டது வரைக்கும். அவர் கேமராவைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்தார். "இதுக்குத்தான் ஒரு மாசமா மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டு இருந்தயா? நான் என்னமோ சேலை நல்லா அமையலயாட்ட இருக்குதுன்னு நெனச்சேன்" என்றார். எனக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது.

"அந்தப் பழைய கடைக்காரர்கிட்ட எதுக்குன்னு சொன்னயா?"

"எப்பிடீங்க சொல்றது? வெளிய தெரிஞ்சா..."

"தெரிஞ்சா என்ன? என்ற கண்ணு. எனக்கு இல்லாத வெக்கம் உனக்கென்ன?" என்றவர், கேமராவை என் கையில் திருப்பிக் கொடுத்தார். பிறகு, "புள்ளயப் பொண்ணு கேட்டு வாரவங்ககிட்டயும் மொதல்லயே சொல்லிப்போடலாம். உன்கிட்டச் சொல்லாம உட்டது ஒண்ணு பத்தாதா?" என்றார்.

இருபத்து நான்கு வருடமாக அவர் மனதில் அது இருந்திருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

பால் கறந்து ஊற்றிவிட்டு, குளித்து, அம்மன் முன்னால் போய் நின்றேன். பூசாரி சொன்னது அப்போதுதான் உறைத்தது. புதுசா பழசா என்று கேட்டேனே தவிர, என் வீட்டுக்காரருக்கு ஒரு முறை வானத்தைக் காட்ட வேண்டும் தாயே என்று நான் கேட்கவே இல்லை. மனிதர்களிடம் மறைத்து மறைத்து, சாமியிடமும் பாதியைத்தான் சொல்லியிருக்கிறேன். வெள்ளை என்றால் நல்ல பூ என்று, எனக்குப் பிடித்ததற்கு அதை வைத்ததும் நான்தான். கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் அந்த மாடிக்கடையில் போய் நின்று, "அன்னைக்கு உங்ககிட்டப் பொய் சொல்லிப்போட்டனுங்க" என்று ஆரம்பித்தேன். அவர் கண்ணில் மாட்டியிருந்த கண்ணாடியைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டார். நான் முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. நான் வாங்கிய கேமராவைப் பார்த்துச் சிரித்துவிடுவாரோ என்று பயந்தேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "நல்ல சாமானுங்க இது. பகல்ல குருவி எடுங்க, கண்ணு முழி தெரியும். ராத்திரி வேலைக்குப் பொறந்ததில்ல, அவ்வளவுதான்" என்றார்.

அப்புறம் அதே குண்டு லென்ஸை எடுத்தார். "நீங்க நட்சத்திரத்தப் பக்கத்துல இழுக்கப் பாத்தீங்க. அவருக்கு நட்சத்திரம் மட்டும் தெரிஞ்சு என்னங்க பண்றது? உங்க தோட்டத்துல நின்னா உங்களுக்கு எப்பிடித் தெரியுமோ அப்பிடித் தெரியோணும். கீழ பூமி, மேல வானம், நடுவுல மரம். அதுக்கு அகலம்தான் வேணும்."

லென்ஸின் வாயைத் திறந்தும் மூடியும் காட்டினார். எனக்குச் சட்டென்று பிடிபட்டது. "மழைத் தண்ணிக்கு அண்டா வெக்கற மாதிரிங்களா? சொம்பு வெச்சா ரொம்பறதுக்கு நேரமாகும்" என்றேன்.

"அதேதானுங்க! இருபது வருசமாச் சொல்லிக்குடுக்கறேன், எனக்கு இந்த அண்டா தோணவே இல்ல பாருங்க" என்று தொடையில் தட்டிச் சிரித்தார்.

அன்று மத்தியானம் வரை வேலையை ஒதுக்கி வைத்துவிட்டுச் சொல்லிக்கொடுத்தார். இருட்டில் கேமராவால் தானாகக் குறிபார்க்க முடியாதாம். அதனால் தூரத்துப் பொருள் தெளிவாகத் தெரிகிற இடத்தில் லென்ஸ் வளையத்தை நிறுத்தி, அது நகராமல் ஒரு துண்டு டேப் ஒட்டினார். "வாய் இருபது வினாடி தொறந்திருக்கும். அது வரைக்கும் கேமரா ஆடக் கூடாது. கையால அமுக்குனா ஆடும்" என்று, ஒயரில் தொங்குகிற ஒரு பொத்தானை மாட்டிவிட்டார். ஸ்டாண்டின் நடுவில் ஒரு கொக்கி இருந்தது. "உங்கூர்க் காத்துக்கு இதுல ஏதாச்சும் பாரம் தொங்க உடுங்க" என்றார். எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு என் கையில் கொடுத்தார். நான் பணத்தை எடுக்கப் போனேன். "அமாவாசை முடிஞ்சதும் கொண்டாந்து குடுத்துருங்க. படத்த எனக்கும் ஒருக்காக் காட்டுங்க, போதும்" என்றார். என் பெயர், விலாசம், ஆதார் கார்டு எதுவும் கேட்கவில்லை.

அடுத்து வந்த ராத்திரிகள் எல்லாம் பனிமூட்டமாகவே போயின. பங்குனி அமாவாசைதான் கடைசி வாய்ப்பு என்று எனக்குப் பட்டது. அதற்குப் பிறகு கோடை மேகம் வந்துவிடும், அப்புறம் பருவமழை. அடுத்த வருடம் அவர் கண் எப்படி இருக்குமோ, யாருக்குத் தெரியும்? அமாவாசை அன்று சாயங்காலமே மேகம் திரண்டது. விளக்கேற்றிவிட்டு, முருகா, இந்த ஒரு ராத்திரி மட்டும் ஒதுங்கச் சொல்லு என்று வேண்டிக்கொண்டு படுத்தேன். மூன்று மணிக்கு வெளியே வந்து பார்த்தால், துடைத்து வைத்த பாத்திரம் போல வானம் கிடந்தது.

இந்த முறை அவரையும் கூட்டிப் போனேன். கையைப் பிடித்து நடத்திப் போய்த் தொட்டி ஓரத்தில் உட்கார வைத்தேன். ஸ்டாண்டை ஊன்றி, கொக்கியில் ஒரு சாக்குப் பையில் ஏழெட்டுத் தேங்காய் போட்டுத் தொங்கவிட்டேன். காற்று அடித்தது, ஸ்டாண்டு அசையவில்லை. ஒயர்ப் பொத்தானை அமுக்கி, இருபது எண்ணி, கேமராவின் பின்பக்கத் திரையில் பார்த்தேன்.

என் கண்ணுக்கு மெல்லிசாகத் தெரிந்த பட்டை, படத்தில் பால் பொங்கியது போல இருந்தது. அதன் கீழே ஆனைமலை, அதற்கு முன்னால் எங்கள் மரங்கள், மோட்டார் ரூம் எல்லாம் இருந்தன. "வந்துருச்சுங்க! வந்துருச்சு!" என்று கத்தினேன்.

"என்னென்ன வந்திருக்குது?"

சொன்னேன். வானம், மலை, மரம் எல்லாம் சொன்னேன்.

"நீ இருக்கயா?"

"நான் எங்கீங்க? நான் இங்கல்ல நிக்கறேன்."

"அப்ப அது என்ன தோட்டம்? போயி நில்லு. அந்தப் பொத்தானை என்ற கையில குடு. நான் அமுக்கறேன்."

"உங்களுக்கு..."

"அமுக்கறதுக்குக் கண்ணு எதுக்கு புள்ள? மோட்டார எதப் பாத்துட்டுப் போடறேன்? நீ போயி அசையாம நில்லு, போதும்."

பொத்தானை அவர் கையில் வைத்துவிட்டு, வரப்பு மேல் போய் மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில் நின்றேன். "நின்னுட்டனுங்க!" என்றேன். அவர் நான் நிற்கிற பக்கம் முகத்தைத் திருப்பினார். சரியாக என்னைப் பார்க்கவில்லை, கொஞ்சம் தள்ளிப் பார்த்தார். பொத்தானை அமுக்கிவிட்டுச் சத்தமாக எண்ண ஆரம்பித்தார். ஒண்ணு, ரெண்டு, மூணு... அவர் எண்ணுகிற குரல் அந்த இருட்டில் கோயில் மணி போல ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. பத்து வரும்போது, என் உருவமும் படத்தில் விழட்டும் என்று, என் கையில் இருந்த டார்ச்சை ஒரு நொடி கீழே மண்ணில் அடித்து அணைத்தேன். காற்றில் சேலை அடித்தது, அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மூச்சுக்கூட விடாமல் நின்றேன். கல்யாண மேடையில் கூட அப்படி அசையாமல் நின்றிருக்க மாட்டேன்.

இருபது வந்ததும், "மூச்ச உடு புள்ள, செத்துக்கித்துப் போயிராத" என்றார்.

சொன்னபடி சாமானைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். ஒரு சாக்குத் தேங்காயும் கொண்டு போனேன். கடைக்காரர் படத்தைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார். "இத எடுத்தது யாருங்க?" என்றார். "அவருதானுங்க" என்றேன். நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டார் அந்த மனிதர். அவரே சொல்லி, இரண்டு முழ அகலத்துக்கு நல்ல தாளில் பிரிண்ட் போட்டுக் கொடுத்தார்.

அதைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது மத்தியானம். நல்ல வெயில். வாசலில் வைத்து அவர் முன்னால் விரித்தேன். நான் ஒன்றை மறந்துவிட்டேன். அவர் பார்வை குழாய் மாதிரி சுருங்கிக்கொண்டிருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருந்தாரே. அவ்வளவு பெரிய படத்தை அவரால் ஒரே பார்வையில் பார்க்க முடியவில்லை. "இங்க ஒரு மரம் தெரியுது. இங்க என்னமோ வெள்ளையாத் தெரியுது. இது என்ன, மலையா?" என்று துண்டு துண்டாக முகத்தை நகர்த்திக்கொண்டே இருந்தார். இவ்வளவு செய்தும் இப்படி ஆகிவிட்டதே என்று படத்தைச் சுருட்டப் போனேன்.

"சுருட்டாத. தூக்கிப் புடி" என்றார்.

இரண்டு கையாலும் தலைக்கு மேல் வரை தூக்கிப் பிடித்துக்கொண்டேன். படம் என் முகத்தை மறைத்துவிட்டது. அவரை எனக்குத் தெரியவில்லை. செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. ஓர் அடி, இன்னோர் அடி என்று அவர் பின்னால் போய்க்கொண்டே இருந்தார். வாசலை ஒட்டிய களத்தின் அந்தக் கடைசி வரைக்கும் போயிருப்பார். செருப்புச் சத்தம் நின்றது.

"இப்ப முழுசாத் தெரியுது" என்றார்.

என் கை வலிக்கிறது. ஆனாலும் பிடித்துக்கொண்டே நிற்கிறேன். பக்கத்துத் தோட்டத்து நாய் குரைத்து ஓய்ந்தது. அப்புறம்தான் கேட்டது அவர் குரல், சளி பிடித்த குரல் மாதிரி.

"கீழ நிக்கறது நீதான? வெளிச்சத்துல சேலை தெரியுது. மூஞ்சி தெரியுது."

"ஆமாங்க."

"ராவுல நீ இப்பிடித்தான் இருப்பயா?"

படத்துக்குப் பின்னால் நான் அழுதுகொண்டிருந்தேன்.

"இத்தன வருசமா என்னைய இருட்டுலதான் கூட்டிட்டுப் போயிட்டு இருக்கறயின்னு நெனச்சேன் புள்ள. இத்தன வெளிச்சத்துக்குக் கீழயா கூட்டிட்டுப் போன?"

அந்த வருடம் ஆவணியில் மகளுக்குச் சம்பந்தம் அமைந்தது. முதல் பேச்சிலேயே இவர் தன் கண்ணைப் பற்றிச் சொல்லிவிட்டார். ஒரு இடத்தார் காபி குடித்துவிட்டுப் போனவர்கள் திரும்பி வரவில்லை. அடுத்து வந்தவர்கள் மகளைக் கண் டாக்டரிடம் காட்டி விவரம் கேட்டுக்கொண்டு, மனநிறைவோடு பூ வைத்துவிட்டுப் போனார்கள். அவருடைய பார்வை இப்போது இன்னும் சுருங்கிவிட்டது. பகலிலும் என் கை தேவைப்படுகிறது. அந்தப் படம் சாமி அறைக்கு எதிர்ச் சுவரில் இருக்கிறது. அதை அவர் பார்ப்பதற்குச் சமையல்கட்டு வரைக்கும் பின்னால் போக வேண்டியிருக்கிறது, போய் நின்று பார்க்கிறார்.

அவர் கையைப் பிடித்து அந்த வரப்பில் நடந்த அத்தனை ராத்திரியிலும் "பள்ளம்", "கல்லு", "பாத்து வாங்க" என்று காலுக்குக் கீழே இருந்ததை மட்டுமே அவருக்குச் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறேன் என்பது இன்றைக்கும் என் மனதைக் குத்துகிறது. இப்போதெல்லாம் மோட்டார் போடக் கிளம்பும்போது, வாசலில் ஒரு நிமிடம் நின்று, மேலே என்ன இருக்கிறது என்று நான் அவருக்கு ஒன்று விடாமல் சொன்ன பிறகுதான் நாங்கள் முதல் அடி எடுத்து வைக்கிறோம்.